மிச்சப் பணம் யாருக்கு?

தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "சம்பளம் தருவாங்களா?" என்பதுதான். டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனையில் பணம் கட்டும் வரிசையில் நிற்பவர் வேறொன்று கேட்பார்: "டிரஸ்ட் ஆஸ்பத்திரின்னாங்க, இங்கயும் இவ்வளவு வாங்குறாங்களே?"

இரண்டு கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம். லாபநோக்கற்ற அமைப்பு என்றால் அங்கே பணம் புழங்கக் கூடாது. வேலை செய்பவர் ஊதியம் வாங்கக் கூடாது, வருபவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது, ஆண்டு முடிவில் கணக்கில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. சட்டம் இப்படிச் சொல்லவில்லை. பொருளியல் அறிஞர்களும் சொல்லவில்லை. நம்முடைய பழைய அறக்கொடை மரபும் சொல்லவில்லை. மூன்றும் சொல்வது இதுதான்: மிஞ்சலாம், ஆனால் மிஞ்சியதை நடத்துகிறவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு விதியை மறந்துவிட்டு நடத்துகிறவரின் மனசை அளந்துகொண்டிருப்பதால், நேர்மையாக நடக்கும் அமைப்புகள் காசில்லாமல் திணறுகின்றன. அறத்தின் பெயரை மட்டும் பலகையில் எழுதிக்கொண்டவை கேள்விக்குத் தப்பிவிடுகின்றன. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

சட்டத்தில் இருந்து தொடங்கலாம். இந்தியாவில் இப்படிப்பட்ட அமைப்பைத் தொடங்க மூன்று வழிகள் உண்டு. பத்திரம் எழுதிப் பதியும் டிரஸ்ட் ஒன்று. குறைந்தது ஏழு பேர் கூடிப் பதியும் சங்கம் இன்னொன்று. வடக்கே பல மாநிலங்களில் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். மூன்றாவது, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதியும் கம்பெனி. பழைய 1956 சட்டத்தில் இது 25-ஆம் பிரிவு. இன்றும் மூத்த ஆடிட்டர்கள் பேச்சுவாக்கில் "செக்‌ஷன் 25" என்றே சொல்கிறார்கள். மூன்றிலும் விதியை மிகத் தெளிவாகச் சொல்வது இந்த 8-ஆம் பிரிவு. கம்பெனிக்கு லாபம் வந்தால் அதைத் தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும், உறுப்பினர்களுக்கு டிவிடெண்ட் தரக் கூடாது என்கிறது. லாபம் வரும் என்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது. தடுப்பது, அது போகும் திசையை.

இந்தத் தடைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹென்றி ஹான்ஸ்மன் 1980-இல் யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். சில சேவைகளில் பணம் கொடுப்பவரால் தரத்தைச் சரிபார்க்க முடியாது. வெள்ள நிவாரணத்துக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புகிறவருக்கு, கம்பளி உரியவர் கைக்குப் போனதா என்று தெரியாது. முதியோர் இல்லத்தில் தாயைச் சேர்த்த மகனுக்கு, இரவில் அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், செலவைக் குறைத்து மிச்சப்படுத்தினால் தன் பைக்கு வரும் என்ற நிலையில் ஒரு முதலாளி இருந்தால், குறைக்கத்தான் தோன்றும். மிச்சம் யார் பைக்கும் போகாது என்று சட்டம் கட்டிப்போட்டிருந்தால் ஏமாற்றுவதற்கான காரணம் பாதியாகக் குறைகிறது. நன்கொடையாளர் நம்புவது இந்தக் கட்டுப்பாட்டை. நடத்துகிறவர் தெய்வப் பிறவியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் வெளியிட்ட கையேடும் லாபநோக்கற்ற அமைப்பை அடையாளம் காட்ட இந்தப் பங்கிடாமையையே முக்கிய அளவுகோலாக வைத்தது. அரசிலிருந்து தனித்திருப்பது, தன்னைத் தானே நிர்வகிப்பது, சேர்வதில் கட்டாயமின்மை ஆகியவையும் கூடவே வரும். இதன்படி நம் கிராமத்து "சொசைட்டி", அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், லாபநோக்கற்ற அமைப்பு ஆகாது. உறுப்பினருக்கு அது பங்காதாயம் தரலாம். பால் சங்கம் உற்பத்தியாளருக்கு போனஸ் தரலாம். அவை நல்லவையே, வேறு வகையைச் சேர்ந்தவை.

இது வெளியிலிருந்து வந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் கொடுக்கப்பட்டன. மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த மந்தையை "சாவா மூவாப் பேராடு" என்று குறிக்கின்றன. ஆடு சாகும், கிழடாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடு. முதல் குறையக் கூடாது, அதன் விளைவை மட்டுமே குறித்த செயலுக்குச் செலவிட வேண்டும் என்ற விதியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய டிரஸ்ட் கணக்கில் "கார்பஸ் ஃபண்டு" என்று தனித் தலைப்பில் எழுதுவது இதையேதான். மேய்த்த இடையரும் சும்மா மேய்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மந்தையை வைத்தே அவர் குடும்பம் பிழைத்தது. அறத்தை நடத்துகிறவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தக் கல்வெட்டும் கேட்கவில்லை.

வரிவிலக்கும் அன்றே இருந்தது. கோயிலுக்கு விட்ட தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்கள் பலவும் இறையிலியாக, வரி நீங்கியவையாக விடப்பட்டன. பொதுக் காரியத்துக்குப் போகும் விளைச்சலில் அரசு தன் பங்கை விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்த பிறகு அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலையும் கூடவே வந்தது. அந்த வேலையில் அரசுகள் மாறி மாறித் தவறியதுதான் பிற்காலக் கதை. 1817-இல் சென்னை மாகாணத்தில் கோயில், பள்ளிவாசல், சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட சொத்துகளைக் கண்காணிக்க வருவாய் வாரியத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. 1863-இல் சமய நிறுவனங்களின் மேற்பார்வையிலிருந்து அரசு விலகிக்கொண்டது. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி வந்து இந்து அறநிலைய வாரியத்தை அமைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை சத்திரங்கள் யார் யாருடைய சொந்த வீடுகளாயின என்று இன்று எண்ணிச் சொல்ல ஆளில்லை.

பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். தம் செல்வத்தை அறக் காரியங்களுக்கென உயில் எழுதி வைத்தவர். பணம் வழக்கில் சிக்கிப் பல பத்தாண்டுகள் கிடந்து, நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே உரிய காரியத்துக்கு வந்தது. அவர் பெயரில் பள்ளி தொடங்கியது 1842-இல். கொடுத்தவரின் எண்ணத்தில் குறையில்லை. எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று சென்னையில் கிடைக்காது.

பேச்சு வழக்கில் இந்த அமைப்புகளுக்குப் பெயர்கள் பல. டிரஸ்ட், அறக்கட்டளை, தொண்டு நிறுவனம், சேவை நிறுவனம், பவுண்டேஷன், என்.ஜி.ஓ. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டில் முன்பு வேறொரு கூட்டத்தைக் குறித்தது. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் உள்ள என்.ஜி.ஓ. காலனிகள் அரசிதழ்ப் பதிவு பெறாத அரசு ஊழியர்களுக்கானவை. இலங்கைத் தமிழர் "அரச சார்பற்ற நிறுவனம்" என்பார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் அவை பெருகியபோது அந்தப் பெயரில் நம்பிக்கையும் சந்தேகமும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன. இந்தப் பெயர்கள் அனைத்தும் செய்கிற வேலையையோ, அரசோடு உள்ள உறவையோ சுட்டுகின்றன. பணத்தைப் பற்றி நேராகப் பேசுவது "லாபநோக்கற்ற" என்பது ஒன்றுதான். ஆனால் அதில் உள்ள "நோக்கு" நம்மை மனசின் பக்கம் இழுத்துவிடுகிறது. மனசைத் தணிக்கை செய்ய எந்த ஆடிட்டராலும் முடியாது. மிச்சம் எங்கே போனது என்று பார்க்க முடியும்.

அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்ட வேண்டிய முதல் அமைப்பு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். மருத்துவமனையை நடத்துவது கோவெல் டிரஸ்ட். முதல் நாளிலிருந்தே கட்டணம் செலுத்துவோருக்கும் செலுத்த முடியாதோருக்கும் சேர்த்துத்தான் மருத்துவம். கட்டணம் தரும் நோயாளிகளிடம் வரும் வருவாயில் மிஞ்சியதைக் கொண்டு இலவசப் பிரிவு நடந்தது. அதிலிருந்தே அடுத்த கட்டடம் எழுந்தது. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் விரிந்தன. அங்கே நடக்கும் அறுவைச் சிகிச்சைகளில் பெரும்பகுதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை.

1990-களின் தொடக்கத்தில் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டி இருந்தது. ஏழை நோயாளிக்குக் கண்புரையை எடுத்துவிட்டு, சோடா பாட்டில் கண்ணாடி மாட்டி அனுப்புவதே வழக்கம். 1992-இல் அரவிந்த் தன் சொந்த லென்ஸ் ஆலையான ஆரோலேபைத் தொடங்கியது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. அந்த லென்ஸ்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. மிச்சமே இருக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவரிடம் இந்த அமைப்பின் ஆண்டுக் கணக்கைக் காட்டினால் முகம் சுளிப்பார். ஆனால் அந்த மிச்சம் இல்லையென்றால் இலவசப் பிரிவும் இல்லை, லென்ஸ் ஆலையும் இல்லை. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் 11 படுக்கை இருபதாகியிருக்கலாம். லட்சக்கணக்கானோருக்குப் பார்வை திரும்பியிருக்காது.

அதே சட்டத்தின் கீழ், அதே வரிவிலக்கோடு நடக்கும் இன்னொரு உலகம் தனியார் கல்வி. இந்தியாவில் பள்ளி, கல்லூரியை லாபத்துக்காக நடத்த அனுமதி இல்லை. அதனால்தான் ஊருக்கு ஊர் கல்வி அறக்கட்டளைகள். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, நிறுவனம் வளர்வதற்குத் தேவையான நியாயமான மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம், கட்டாய நன்கொடையும் கொள்ளை லாபமும் கூடாது என்றது. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்கு 1992-இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தில் குறையில்லை. நடப்பது என்ன என்பது பிள்ளையைச் சேர்க்கப் போன ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும்.

பங்கு போடக் கூடாது என்ற விதியை மீறாமலே பங்கு போடும் வழிகள் உண்டு. கல்லூரி நிற்கும் நிலமும் கட்டடமும் டிரஸ்டியின் மனைவி பெயரில் இருக்கும். அறக்கட்டளை அவருக்கு வாடகை கட்டும். பஸ்கள் மைத்துனரின் கம்பெனியிலிருந்து வாடகைக்கு வரும். சீருடை, நோட்டுப் புத்தகம், விடுதிச் சாப்பாடு ஒவ்வொன்றும் குடும்பத்தின் வேறொரு நிறுவனத்திலிருந்து. ஆண்டு முடிவில் அறக்கட்டளையின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது அரவிந்தைவிடத் தூய்மையாகத் தெரியும். வருமான வரிச் சட்டம் இதை முன்னரே கண்டுகொண்டது. 1961 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, நிறுவனர், டிரஸ்டி, அவர்களின் உறவினர் ஆகியோருக்கு முறையற்ற பலன் போனால் விலக்கு பறிபோகும் என்றது. நியாயமான வாடகை, நியாயமான சம்பளம் தரலாம். எது நியாயம் என்பதில்தான் சண்டை முழுவதும்.

2022 அக்டோபர் 19 அன்று வந்த நியூ நோபல் கல்விச் சங்க வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கல்விக்கான விலக்கு வேண்டுமென்றால் அமைப்பின் நோக்கங்கள் முழுவதும் கல்வியாகவே இருக்க வேண்டும் என்றது. முதன்மை நோக்கம் கல்வி, கூடவே வேறு சிலவும் உண்டு என்ற பழைய வாதம் அதோடு முடிந்தது. நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் பத்திரத்தில் உள்ள நோக்கத்தைத் திருத்துவது எளிது. வாடகை ஒப்பந்தத்தைத் துருவுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

வரிச் சட்டத்தின் அறுபது ஆண்டு வரலாறே இந்தக் குழப்பத்தின் வரலாறுதான். ஏழைகளுக்கான உதவி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு "பொதுப் பயனுள்ள பிற நோக்கங்கள்" என்ற ஒரு வகையையும் 1961 சட்டம் அறமாக ஏற்றது. ஆனால் அந்தக் கடைசி வகையில் லாபத்துக்கான செயல் எதுவும் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. 1979-இல் சூரத் செயற்கைப் பட்டுத் துணி உற்பத்தியாளர் சங்க வழக்கில், முதன்மை நோக்கம் லாபமாக இல்லாத வரை இடையில் வரும் லாபம் குற்றமில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1984 ஏப்ரலிலிருந்து அந்த நிபந்தனையே நீக்கப்பட்டது. 2009 ஏப்ரலிலிருந்து வேறு வடிவில் திரும்பி வந்தது. வணிக வரவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அது பின்னர் மொத்த வரவில் 20 சதவீதம் என்றானது. ஓராண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடுத்து ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, "பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்பு" என்பதையே சட்டப் பெயராக்கிக் கொண்டது.

நுண்கடன் துறையில் நடந்தது, மிச்சத்தைப் பங்கிடக் கூடாது என்ற எல்லையைத் தாண்டியவர்களின் கதை. ஆந்திரத்தில் 1990-களின் இறுதியில் தொண்டமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ்., பிறகு நிதிக் கம்பெனியாக மாறி 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. மிச்சத்துக்கு உரிமையாளர்கள் வந்த பின் கடனின் வேகமும் வசூலின் அழுத்தமும் துறை முழுதும் ஏறின. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சம்பளத்துக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கும் அநியாயம் கண்ணுக்குத் தெரியாதது. மலைக் கிராமத்தில் மாலைப் பள்ளி நடத்தும் பெண், மனநல மறுவாழ்வு இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் ஊழியர், கொத்தடிமைகளை மீட்க நீதிமன்றத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அலையும் இளைஞர் இவர்கள் வாங்கும் ஊதியம் பல இடங்களில் துணிக்கடை விற்பனையாளரின் ஊதியத்தை எட்டுவதில்லை. கேட்டால் "சேவைதானே" என்ற பதில். நன்கொடையாளரும் "என் பணம் நேராக ஏழைக்குப் போகணும், ஆபீஸ் செலவுக்கு இல்லை" என்கிறார். சட்டமும் அதையே பேசுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான். கணக்கர் இல்லாமல் கணக்கு எழுத முடியாது. வாடகை கட்டாமல் இல்லம் நடத்த முடியாது. பயிற்சி பெற்ற ஆள் இரண்டு ஆண்டில் வேலையை விட்டுப் போனால் அந்த இழப்பு குழந்தைகளுக்குத்தான். ஊதியம் மிச்சத்தைப் பங்கிடுவது ஆகாது. அது வேலைக்கான விலை. தஞ்சை இடையருக்குக் கிடைத்த அந்த உரிமையை இன்றைய களப்பணியாளருக்கு மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மத்தியப் புள்ளியியல் நிறுவனம் 2012 வாக்கில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பதிவான லாபநோக்கற்ற அமைப்புகள் சுமார் 31 லட்சம். நேரில் போய்த் தேடியபோது கண்டுபிடிக்க முடிந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு. மற்றவற்றில் பல காகிதத்தில் பிறந்து காகிதத்தில் கிடப்பவை, முகவரி மாறியவை, கலைந்து போனவை. கலைந்தவற்றின் சொத்து எங்கே போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பங்கிடக் கூடாது என்ற விதி, அமைப்பை மூடும்போதும் செல்லும். மிஞ்சியது அதேபோன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும்.

விதி இவ்வளவு தெளிவாக இருக்க, அதைச் சரிபார்க்கும் கதவை மட்டும் நாம் மூடியே வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் எந்தக் குடிமகனும் ஓர் அமைப்பின் வரவு செலவைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஆண்டு அறிக்கையான 990 படிவத்தைக் கேட்டவருக்குக் காட்ட வேண்டும். அதில் உயர் பொறுப்பாளர்களின் சம்பளம் கூட இருக்கும். இந்தியாவில் 8-ஆம் பிரிவுக் கம்பெனியின் ஆவணங்களைக் கட்டணம் கட்டிப் பார்க்க வழி உண்டு. 1860 சட்டமே ஒரு ரூபாய் கட்டணத்தில் எவரும் சங்கத்தின் ஆவணங்களைப் பார்க்கலாம் என்றது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியோ 2022 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. மகாராஷ்டிரமும் குஜராத்தும் 1950-ஆம் ஆண்டு பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் வழியில் அறக்கட்டளை ஆணையர்களை வைத்திருக்கின்றன. டிரஸ்டுகள் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு துறையும் உள்ளன. பிற பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை, ஆணையரும் இல்லை. நிலம் வாங்கி விற்கும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிவாகிறது. அதன் பிறகு வருமான வரித்துறையைத் தவிர வேறு யாரும் வழக்கமாகக் கணக்குக் கேட்பதில்லை, வரித்துறைக்குக் கொடுத்த கணக்கும் நன்கொடையாளர் கண்ணுக்குப் படுவதில்லை. பெற்றோரும் நோயாளியும் நன்கொடையாளரும் இணையத்தில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு, அதில் டிரஸ்டிகளின் பெயர், அவர்களின் உறவினருக்குத் தரப்பட்ட வாடகை, சம்பளம், ஆண்டு மிச்சம், அது செலவான இடம் ஆகிய ஐந்து பத்திகள் இருந்தால் போதும். சட்டமன்றத்தில் ஒரு மசோதாவாக இதைக் கொண்டுவரத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.